மூணாவது சட்டி

அட, உங்க மடியில இருக்கற பேப்பர்ல அமெரிக்கா பிரசிடென்ட்டுதானுங்களே? மூக்கப் பாத்ததும் தெரிஞ்சிக்கிட்டன். என்னடா இவ, கூடையும் கையுமா பஸ்சேறி வந்து அமெரிக்காவப் பேசறாளேன்னு பாக்கறீங்க. பேசுவனுங்க டீச்சரம்மா. டீச்சருதானுங்களே? வெரல்ல சாக்பீசு தூளு இருக்குதே. அந்த நாட்டு எலெக்சன் சங்கதி எனக்கு முழுக்கத் தெரியும். ஆனா மொதல்ல அந்த சன்னலோரத்த எனக்குக் குடுங்க, பஸ்சுன்னா எனக்குக் கொமட்டும். நீங்க இப்பிடி வழிப்பக்கமா வந்துருங்க. ஆங், அப்பிடித்தான். நல்லாயிருப்பீங்க.

பாலக்கோட்டுக்குத்தானுங்க. ஒரு சின்ன வேல. அது கெடக்குது.

எப்பிடித் தெரியும்னா, எங்க ஊருக்கு ஒரு இங்கிலீஷ்காரரு வந்திருந்தாரு. ரெண்டு வருசம் ஆச்சு. கெணறெல்லாம் வறண்டு போச்சில்லீங்களா, போரு போடற மிஷினோட லண்டன்ல எதோ ஒரு சங்கம் அனுப்புச்சுது. மாதா கோயில் சாமியாரு பங்களாவுக்குப் பின்னால ஒரு ரூமு குடுத்தாங்க. நாந்தான் சமையலு. ஜெரால்டு தொரைம்போம். தொரைன்னா கோவம் வந்துரும் அவுருக்கு. எங்கப்பன் நெலக்கரி வெட்டுனவன், நான் தொழிலாளி கட்சி, என்னை அண்ணான்னு கூப்புடும்பாரு. செவந்த மனுசன், அரை டவுசரு, எப்பிடிங்க அண்ணான்னு வரும் வாயில? தமிழு தட்டுத்தடுமாறிப் பேசுவாரு. திட்டறது மட்டும் சுத்தமா வரும்.

போரு போட்டாரு, தண்ணியும் வந்துச்சு. ஆனா எங்க? பெரியநாயகம்னு ஒருத்தரு, ஊர்ப் பெரியதனம், அவுரு மாந்தோப்போரமா. அவுரு கைகாட்டுன எடத்துலதான் மிஷினு நிக்கும். கீழ்த்தெருவுல இருக்கற நாங்க இன்னிக்கும் ஏரிக்குள்ள ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சியில மொண்டு மொண்டு கொடத்துல ஊத்தறோம். தொரைக்கும் அது மனசுல ஒறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கோவத்தையெல்லாம் ராத்திரி சோத்துக்கப்பறம் ரேடியோவ வெச்சுக்கிட்டு அமெரிக்காக்காரன் மேல காட்டுவாரு.

அங்க ரெண்டு கட்சியாம். ஒண்ணுக்கு ஆனை, ஒண்ணுக்குக் கழுத. சிரிக்காதீங்க, நெஜமாத்தான். நம்மூர்ல உதயசூரியனுங்கறோம், ரெட்டமாடுங்கறோம், கழுதைய தூக்கிக்கிட்டுப் போயி எவனாச்சும் ஓட்டுக் கேப்பானா? தொரை சொல்லுவாரு, ரெண்டுக்குமே மொதலாளிதான் தீனி போடறான், தொழிலாளிக்குன்னு அங்க ஒரு கட்சியே இல்ல, எல்லாம் பணக்காரன் ஆடற கூத்துன்னு. இருந்தாலும் அந்தக் கூத்துல ஒண்ணு எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. நாட்டுல ஓட்டு வெக்கறதுக்கு முந்தி, கட்சிக்குள்ளயே ஓட்டு வெப்பாங்களாம். நம்ம கட்சிக்கு யாரு நிக்கணும்? இவனா, அவனா? ஒவ்வொரு ஊரா ஜனங்களப் போயிக் கேக்கறது. ஒரு ஊர்ல அப்ப இருந்த பிரசிடென்ட்டு பேரே சீட்டுல இல்லியாம், ஜனங்களே கையால பேர எழுதிப் போட்டாங்களாம். அத மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கிட்டன்.

நான் கேட்டன், அண்ணா, உங்க லண்டன்ல யாரு நிக்கணும்னு யாருண்ணா சொல்றது? கமிட்டி ஒண்ணு ரூமுக்குள்ள ஒக்காந்து முடிவு பண்ணும்னாரு. அப்ப எங்க ஊரு மாதிரிதான், ரூமுக்கு பதுலு எங்க ஆளுங்க கோயிலு முன்னால கல்லுக்குருசு கிட்ட ஒக்காந்து முடிவு பண்ணுவாங்கன்னன். மூஞ்சி இன்னும் செவந்துபோச்சு. அன்னிக்கு ரெண்டு உருண்ட களி சேத்துத் தின்னாரு.

எங்க ஊரு வேதக்கார ஊருங்க, எல்லாம் மாதா கோயிலுக்குப் போறவங்க. நாலஞ்சு வூடுதான் சாமி கும்புடறவங்க. அமெரிக்கால, முன்ன சுட்டுக் கொன்னாங்களே கென்னடி, அவுரு தம்பி நிக்கறாருன்னதும் ஊரே அவுரு பக்கம். நம்ம வேதமாச்சே. கோயில்ல வாங்கித் தின்ன மக்காச்சோள மாவு, பால்பவுடரு அத்தனையும் அவுரே அனுப்புன மாதிரி. தொரைக்கு எரிச்சலு. அவன் பணக்காரன் மகன்டா, வியட்நாம் சண்ட வேண்டாம்னு மொதல்ல தைரியமா நின்னது இன்னொருத்தரு, வாத்தியாரு மாதிரி, கவித எழுதறவரு, அவுருக்கு ஜெயிக்கற மாதிரி இருக்குதுன்னு தெரிஞ்சப்பறம்தான் இவன் வந்து குதிச்சான்னு கத்துவாரு. நாங்க கேப்பமா? கடைசியில குத்தலா ஒண்ணு சொன்னாரு பாருங்க: அந்த வாத்தியாரும் உங்க வேதந்தான்.

ஊரே தெகைச்சுப் போச்சுங்க. ரெண்டு பேரும் நம்ம வேதம்னா யாருக்குன்னு ஜெபம் பண்றது? அந்த மாதிரி ஒரு எக்கச்சக்கம் எங்களுக்கு வந்ததே இல்ல. கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுக்கற உபதேசியாரு யோசிச்சு யோசிச்சு, மாதாவுக்கு ரெண்டு மெழுகுவத்தி ஏத்துனாரு. கென்னடிக்குப் பெருசு, வாத்தியாருக்குச் சின்னது. சாமியே இல்லைங்கற தொரை, காத்துல அந்தச் சின்னது அணைஞ்சா யாரும் பாக்காதப்ப போயிப் பத்த வெப்பாரு. நான் பாத்திருக்கறன்.

அப்பறந்தான் அந்தக் கென்னடி தம்பியவும் சுட்டுட்டாங்கன்னு ரேடியோல வந்துச்சு. தெருவுல பொம்பளைங்க அவுங்கவங்க தம்பி செத்த மாதிரி அழுதாங்க. தொரை நேரா கோயிலுக்குள்ள போனாரு. பெரிய வத்திய அவுரே ஏத்துனாரு. கண்ணுல தண்ணி. பணக்காரன் மகன்னு சொன்னீங்களேண்ணான்னன். சும்மா இரு ராஜமேரின்னாரு.

ஆங், அதாங்க என் பேரு.

அப்பறம் என்ன ஆச்சா? அதக் கேளுங்க. ஊரூரா ஜனங்க ஓட்டுப் போட்டாங்கல்ல, கடைசியில கட்சிக்காரனுங்க ஒரு ஊர்ல கூடி, அந்த ஓட்டுல எதுலயும் நிக்காத வைஸ் பிரசிடென்ட்டுக்கு சீட்டக் குடுத்துட்டாங்க. வெளிய போலீசு தடியடி. தொரை ரேடியோவ அணைச்சு வெச்சிட்டு சொன்னாரு, கேக்கறதெல்லாம் கேப்பான், முடிவு பண்றவன் வேற. பொறவு மிஷின ஏத்திக்கிட்டு சித்தேரி மலைப்பக்கம் போனாரு, அங்கிருந்து அவுங்க ஊருக்கே போயிட்டாருங்க.

இப்ப எங்க ஊரு கதைக்கு வர்றன். வார்டு எலெக்சன் வந்துச்சில்லீங்களா. அடுத்த அடிபம்பு எங்க வெக்கறதுன்னு மெம்பரு வாயிலதான் இருக்குது. வார்டுக்குன்னு எங்க ஊர்ல ஓட்டுப்பொட்டியே வந்ததில்ல. பூசை முடிஞ்சு ஆம்பளைங்க கல்லுக்குருசு கிட்ட ஒக்காருவாங்க, பெரியநாயகம் ஒரு பேரு சொல்லுவாரு, யாரும் பேசலைன்னா முடிஞ்சுது. பெரும்பாலும் தன் பேரத்தான் சொல்லுவாரு. இந்தத் தடவ சவரிங்கறவன் எந்திரிச்சு நானும் நிப்பன்ட்டான். அடிதடி ஆயிரும்போல இருந்துச்சு. அப்ப உபதேசியாருதான், அமெரிக்காவுல பண்ற மாதிரி நமக்குள்ளயே மொதல்ல ஓட்டு வெச்சுக்கலாம்னாரு. பொம்பளைங்களும் போடட்டும்னு சவரி சொன்னான். பம்பு கோவத்துல பொம்பளைங்க ஓட்டெல்லாம் தனக்கு விழும்னு கணக்கு.

கோயிலுக்குப் பின்னால பூசை சாமான் வெக்கற ரூமுல ரெண்டு சட்டி. ஆளுக்கொரு அவரக்கொட்ட. புடிச்சவங்க சட்டியில போட்டுட்டு வரணும். மொதல்ல ஆம்பளைங்க போனாங்க. அப்பறம் பொம்பளைங்க. எங்க கீழ்த்தெரு குள்ளம்மா முன்னால போறா, இடுப்புல ஒரு களிச்சட்டி. ரெண்டு சட்டிக்குப் பக்கத்துல மூணாவதா வெச்சுட்டு, இது ராஜமேரி சட்டிங்கறா. உபதேசியாரு என்னா இதுன்னு கத்தறாரு. சீட்டுல பேரில்லாதவருக்கே அமெரிக்கால எழுதிப் போட்டாங்களாம், நாங்க சட்டி வெக்கக்கூடாதான்னா. மாதா சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஊத்துல தண்ணி சொரக்கறவரைக்கும் பொழுது போவணுமேன்னு இந்தக் கதையெல்லாம் நாந்தான் எங்க தெருப் பொம்பளைங்களுக்குச் சொல்லுவன். அவுங்க கதையாக் கேக்கலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கொட்டிப் பாத்தா, மத்த ரெண்டு சட்டியும் சேந்தாக்கூட மூணாவது சட்டிக்குக் காணாது. சில ஆம்பளைங்களும் போட்டிருக்கறாங்க, ஒத்துக்கத்தான் மாட்டாங்க.

பெரியநாயகந்தான் மொதல்ல சிரிச்சாரு. கொட்ட நல்லாருக்குது, வீணாக்க வேண்டாம், ராஜமேரிகிட்டயே குடுங்க, வேக வெச்சு எடுத்தாரட்டும்னாரு. வேக வெச்சனுங்க. என் ஓட்ட நானே உப்புப் போட்டு, மொளகா கிள்ளி தாளிச்சுக் கொண்டாந்து வெச்சன். எல்லாரும் தின்னாங்க. தின்னுக்கிட்டே ஒரு முடிவு பண்ணாங்க. அந்த வூட்டு ஆளத்தான கேக்கறாங்க, வூட்டுக்காரனையே நிக்க வெச்சிட்டாப் போச்சுன்னு. சவரிகூட சரின்னுட்டான்.

ஆமாங்க. எங்க வூட்டுக்காரரு. சட்டியே இல்லாத ஆளு. நல்ல மனுசனுங்க, குடி கெடையாது, என்னை ஒரு நாளு கைநீட்டுனதில்ல. ஆனா பெரியநாயகம் எதுக்க வந்தா தலை தன்னால ஆடும். பம்பு மறுபடியும் மாந்தோப்புக்குத்தான் போவும், அவுருக்கே தெரியும் அது. அன்னிக்கு ராத்திரி என் மூஞ்சியப் பாக்காமயே, ஊரு சொல்லுது, நான் என்ன பண்றதுன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. இவுரு மேல கோவம், என் மேலயே கோவம். ஏன் வேக வெச்சன்? சட்டியோட அங்கயே கமுத்திட்டு வந்திருக்கணுமில்ல?

கூடைங்களா? களியும் கீரைக்கடைசலுந்தான். கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறன், உங்க சேலையில பட்டுரப்போவுது.

கொமட்டல் எப்பிடி இருக்குதா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா, பொய்யி. மெதுவாப் பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. வெள்ளச் சட்ட, கழுத்துல வேர்த்துக் கொட்டுது. பக்கத்துல ஒருத்தரு தோள்மேல கைய போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கறாரு பாருங்க, அதுதான் பெரியநாயகம். எலெக்சன்ல நிக்க நாமினேசன் பேப்பரு குடுக்க யூனியன் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாரு. இன்னிக்குத்தான் கடைசி நாளு. அந்தச் சட்டைய நேத்து நாந்தான் கஞ்சி போட்டு மடிச்சு வெச்சன். எனக்குப் பல்லுவலி, ஆஸ்பத்திரிக்குப் போறன்னு சொல்லிட்டு, வரப்பு மேல நடந்து அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கிட்டன்.

ஆமாங்க, எங்கிட்டயும் ஒரு பேப்பரு இருக்குது. களிக்கு அடியில. குள்ளம்மாதான் என் பேர முன்மொழிஞ்சு கைநாட்டு வெச்சா. நான் சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாவதுங்க, நானே எழுதுனன். அதுல கணவர் பேருன்னு ஒரு எடம் இருக்குது. இத்தன வருசத்துல அவுரு பேர வாயால சொன்னதில்ல, எழுதுனதுமில்ல. அவுர எதுத்து நிக்கறதுக்கு அவுரு பேரத்தான் எழுதணுமாம். மாதாவ வேண்டிக்கிட்டு எழுதிட்டன். இப்பவும் பயந்தான். திருப்பி வூட்டுக்குத்தான போவணும்?

காலையில பதட்டத்துல ஒண்ணுமே திங்காம கெளம்பிட்டாருங்க. பசி தாங்க மாட்டாரு. அதான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டிக்கிட்டு வந்தன். பேப்பர நீட்டிட்டு, அப்பறமாக் கூப்புட்டு ஒக்கார வெச்சுப் போடணும்.

அய்யோ, திரும்பறாரு.

பாத்துட்டாருங்க.

பாக்கட்டும். பாலக்கோடும் வந்துருச்சு. அந்தக் கூடைய இப்பிடிக் குடுங்க டீச்சரம்மா, நான் எறங்கணும்.