ரூபி கடித்த கை

ஜெயமதி: பெட்டியைப் பின் சீற்றிலை வைக்கட்டோ? வெறும் பெட்டி... மடியிலை வைச்சிருக்க ஒரு மாதிரிக் கிடக்கு.

குலேந்திரன்: வையும். சுடுதண்ணிப் போத்தலைக் கையிலை வைச்சிரும். குளிருது.

ஜெயமதி: அது ரூபிக்கெண்டு கொண்டுவந்தது...

குலேந்திரன்: என்ன செய்யிறது. குடுத்த பாம்பைத் திருப்பித் தரமாட்டன் எண்டிட்டார் அந்தக் காப்பகக்காரர். சென்ட்-ஆன் வரைக்கும் வந்ததுதான் மிச்சம்.

ஜெயமதி: நாளைக்கு ஒட்டாவாவிலையிருந்து சாம்பவி வந்து, சப்பாத்தைக் கழட்ட முந்தியே ரூபி எங்கையெண்டு கேப்பாள். உங்கடை மகளுக்கு என்ன சொல்லப் போறியள்?

குலேந்திரன்: அப்பாவைக் கடிச்சது, குடுத்திட்டம்...

ஜெயமதி: நம்புவாளோ? மற்றப் பாம்பு பெப்பர் முரடன், கடிப்பான் எண்டுதானே அவனைத் தன்னோடை கொண்டு போனவள். ரூபி பாவமம்மா, ஒரு கரைச்சலும் தராது எண்டு எங்களை நம்பி விட்டவள்.

குலேந்திரன்: பெப்பர் எண்டா பசிச்சவுடனை மூக்காலை கண்ணாடியை இடியிடியெண்டு இடிப்பான். இவள், நான் செய்தி பாக்கேக்கை, என்ரை ஸ்வெற்றர் கைக்குள்ளை பூந்து படுத்திடுவாள். அவ்வளவுதான்.

ஜெயமதி: அந்த மனுசன் பிரெஞ்சிலை என்னவோ கோவமாச் சொன்னார்...

குலேந்திரன்: எத்தினை கிழமை பட்டினி போட்டனீங்கள் எண்டு கேட்டார்.

ஜெயமதி: அப்பிடியே கேட்டவர்?

குலேந்திரன்: சரி, விடும்.

ஜெயமதி: இஞ்சேருங்கோ... கந்தசட்டிக்கு முதல்நாள், அவளுக்கெண்டு ஃப்ரீசரிலை கிடந்த எலியெல்லாத்தையும் நான்தான் எறிஞ்சனான். செத்த எலியை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு எப்பிடி விரதம் பிடிக்கிறது?

குலேந்திரன்: அது ஆறு நாள்தானே...

ஜெயமதி: பேந்து வாங்குவம் எண்டுதான் இருந்தன். கடையிலை போய் எலி தாங்கோ எண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது. நீங்கள் கேக்கேக்கையெல்லாம் சாப்பாடு வைச்சிட்டன் எண்டு பொய் சொன்னன். பிள்ளையின்ரை சோதினைக்கெண்டு பிடிச்ச விரதம்... பிள்ளையின்ரை பாம்பைக் காயப்போட்டிட்டன்.

குலேந்திரன்: அழாதையும், மதி.

ஜெயமதி: பசியிலைதானே உங்களைக் கடிச்சவள்? கை இன்னும் நோகுதோ?

குலேந்திரன்: அவள் கடிக்கேல்லை. நான் கத்தி முனையாலை கீறினது. ஒருநாள் கையிலை ஏறேக்கை நூல் மாதிரி இருந்தாள்... அண்டைக்கே ஃப்ரீசரைத் திறந்து பாத்திட்டன். நான் எலி வாங்கியந்தா, எனக்குத் தெரியுமெண்டு உமக்கு விளங்கிடும். காப்பகத்திலையாவது அவள் சாப்பிடட்டும், வாயில்லாதவள்தானே எண்டு பழியை அவளிலை போட்டிட்டன்.