நாலு விரற்கடை இறங்கிய கண்ணாடி

இரவு பதினொன்றரை இருக்கும். ஹெப்பகோடிக்குப் பின்னால், கம்பெனிகளைச் சுற்றிக்கொண்டு போகிற சாலை. இரண்டு பக்கமும் உயரமான சுவர். ஒரு நாய்கூட இல்லை. மழை வேறு...

அங்கேதான் லாயிட்டின் கார் முதல்முறை நின்றது.

லாயிட் யாரென்றால், நம் டென்சிலின் தங்கை புருஷன். நீலசந்திராவில் வாடகை வீடு. ஹெப்பகோடியில் ஸ்டோர்ஸ் வேலை. டென்சில் என்னிடம் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்கிறேன். யாராவது எழுந்து அந்த ஜன்னலைச் சாத்துங்கள்... இல்லை, வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.

அவனுக்கு அதுதான் முதல் கார். பழைய வண்டி, அடிமாட்டு விலைக்கு வந்தது. இவ்வளவு சல்லிசாக ஏன் தள்ளிவிடுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. முதல் கார் வாங்குகிறவன் எவன் கேட்டிருக்கிறான்? பாதர் வந்து பானட்டில் தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்தார். பின் கதவைத் திறந்து காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அன்று ஓசூரில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் அவன் மனைவி ஜோசஃபின். பின் சீட்டில் மகள் ஆஞ்சலா, நல்ல தூக்கம். ஒன்றரை வயது. அவள் இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல் உண்டு. டாக்டர் எடுத்துவிடலாம் என்றார். சாமி தாராளமாகக் கொடுத்ததை நாம் ஏன் வெட்ட வேண்டும் என்று ஜோசஃபின் ஒப்பவில்லை.

மழைக்காக நாலு கண்ணாடியையும் ஏற்றி, ஏசியைப் போட்டான் லாயிட். கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் விக்கியது... இன்னொரு விக்கல்... நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் க்ரிக், க்ரிக் என்கிறது. அவ்வளவுதான்.

"ஏங்க, பாப்பா மேல சாரல் அடிக்குது," என்றாள் ஜோசஃபின்.

பின்பக்க இடது கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியிருந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. ஏற்றினான். இறங்கியது. மறுபடி ஏற்றினான்... ங்ங்ங் என்று முனகிக்கொண்டே இறங்கியது. சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் கிளம்பியது.

அதற்குப் பிறகு அதுவே வாடிக்கை ஆனது. கண்ணாடிகளைச் சாத்தி ஏசி போட்டால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் நிற்கும். அந்த ஒரு கண்ணாடி இறங்கும்.

ஏசி இல்லாமல் ஓட்டினால் போச்சு என்று நினைப்பீர்கள். ஆனால் நீலசந்திராவில் அவர்கள் இருந்தது ஒற்றை ஜன்னல் வீடு. ஏப்ரல் மாதம். கரண்ட் போனால் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, இரவு முழுக்க அழுகை. அந்தக் குடும்பத்தில் ஏசி இருந்த ஒரே இடம் கார்தான். சந்தில், சுவரை ஒட்டி நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணாடி ஏற்றி, பின் சீட்டில் அவளைத் தூங்க வைப்பான் லாயிட். கண்ணயர்ந்தாளோ இல்லையோ, இன்ஜின் நின்றுவிடும். அவள் எழுந்து வீறிடுவாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலையில் வண்டியைத் துடைக்கத் துணியோடு போன ஜோசஃபின், அந்தக் கண்ணாடியை மட்டும் தொடாமல் அப்படியே நின்றாள். உள்பக்கம் ஒரு குட்டிக் கைத்தடம்.

"பாப்பா வெச்சிருப்பா, துடைச்சிட்டு வா," என்றான் லாயிட்.

"இது நம்ம பாப்பா கை இல்லங்க. இடது கை. எண்ணிப் பாருங்க."

எண்ணினான். ஐந்துதான் இருந்தது. சின்ன விரல் சரியாகப் பதிந்திருக்காது என்று அவனே துடைத்துவிட்டான்.

ஹெப்பகோடியில் அர்ஜுனன் என்று ஒரு மெக்கானிக். அவனும் பாவம், பம்ப்பை மாற்றினான், பிளக்கை மாற்றினான், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க ஐடிலிங்கைத் தூக்கி வைத்தான். கண்ணாடி மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டு, கதவுக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகினான்.

"இனிமே அவங்கப்பனே வந்தாலும் எறங்காதுண்ணா."

"பின் சீட்ல புகை வாடை வருதுன்னு வீட்ல சொல்றாங்களே?"

"சைலன்சர் பைப்பு துரு புடிச்சி ஓட்டை வுழுந்துருக்கு. மாத்தணும். இப்பவே மாத்திடலாமா?"

"இருக்கட்டும், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்," என்றான் லாயிட். அவன் வாயாலேதான் சொன்னான்.

வண்டி அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

அந்த வாரமே ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஆஞ்சலாவைப் பின் சீட்டில் கிடத்தி, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தினான். பத்தடி தள்ளி வாசற்படியில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள். இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. லாயிட்டுக்கு அப்படி ஒரு நிம்மதி.

டொக்... டொக்... டொக்...

"என்னங்க சத்தம்?"

"இன்ஜின்ல டேப்பட் சத்தம். பழைய வண்டின்னா அப்டித்தான் அடிக்கும். நாளைக்கு அர்ஜுனன்கிட்ட காட்டறேன்."

வண்டி வாங்கிய நாளிலிருந்து இன்ஜின் சத்தத்தையே கேட்டுக் கேட்டு ஊறிப்போன காது. வேறு எதுவாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. சத்தம் வேகமானது. டொக்டொக்டொக்டொக்... யாரோ அவசரமாகக் கூப்பிடுவதுபோல. ஜோசஃபின் எழப் போனாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாதே என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

பிறகு சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. இன்ஜின் மட்டும் ஓடியது. மறுபடி ஆரம்பித்தபோது மெதுவாக அடித்தது... ஆனால் இரண்டாக அடித்தது. டொக்டொக்... டொக்டொக்...

அப்போதுதான் லாயிட் எழுந்து ஓடினான். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. ஆஞ்சலா படுக்க வைத்தபடியே படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. இதைவிட நன்றாக அவள் ஒருநாளும் தூங்கியதில்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்... ஜோசஃபின் போட்ட அலறலில் சந்தே எழுந்துவிட்டது.

அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லாயிட் இப்போது யாரோடும் பேசுவதில்லை. ஜோசஃபின் அம்மா வீட்டில் இருக்கிறாள். வண்டியை விற்றுக் கொடுத்தது டென்சில். வாங்கியவன் ஸ்ரீராம்புரத்துக்காரன், பெயர் பரத். அவனுக்கும் முதல் கார். அவனிடம் டென்சில் ஒன்றும் சொல்லவில்லை. தலைமுழுகினால் போதும் என்று நினைத்தான்.

போன வாரம் பரத் போன் செய்திருக்கிறான்.

"அண்ணா, கதவுக்குள்ள எவனோ கட்டைய சொருகி வெச்சிருந்தான். எடுத்து ஒயரெல்லாம் போட்டேன். இப்ப ஏசி போட்டா இன்ஜின் நிக்குது, கண்ணாடி தானா எறங்குது. நாளைக்கு மறுபடி கட்டைய வெச்சிடலாம்னு இருக்கேன். இன்னொண்ணு... எங்க வீட்ல இன்னும் கொழந்தையே இல்ல அண்ணா. இந்தக் கண்ணாடிய எத்தனை தடவ தொடச்சாலும் காலைல திரும்ப வருது. போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க."

டென்சில் அந்தப் படத்தை எனக்கும் காட்டினான். உள்பக்கம், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு குட்டிக் கைத்தடங்கள். ஒன்றில் ஐந்து விரல். அதைவிடச் சின்னதாக இருந்த மற்றொன்றை அவன் எண்ணவில்லை, என்னை எண்ணச் சொன்னான்.

எண்ணினேன்... ஆறு.