காதோடு பார்த்த படங்கள்

ஆண்டின் கடைசிக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, மேசை மணியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மதிப்புக்குரிய உஸ்தாத் தௌஃபீக் அவர்களே, முன்வரிசையை முழுமனதோடு ஆண்டுகொண்டிருக்கும் என் தாய்க்கு நிகரான ஹாஜா மனூபியா அவர்களே, மீன் சந்தையில் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் தம்பி அம்மார் அவர்களே, நாற்காலி கிடைத்த நல்லவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் மிக நல்லவர்களே, படம் உண்டென்று நம்பி வந்து பேச்சில் மாட்டிக்கொண்ட பெருமக்களே, ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தாய்மார்களே, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் அமர்ந்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்ட என் கணவர் ஷெத்லி அவர்களே, உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாவதாக.

அமைதி என்று சொன்னதும் தலைவர் நிமிர்ந்து உட்கார்கிறார். அந்த அமைதியை நான் சொல்லவில்லை, உஸ்தாத். இது வெறும் ஸலாம்.

நம் திரைப்படக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு முடியும்போது உறுப்பினர் ஒருவர் மேடையேறி, அந்த ஆண்டு பார்த்த படங்களில் தன் நெஞ்சுக்கு நெருக்கமானவை எவை என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தீர்மானங்கள். தீர்மானங்கள் முடிந்ததும் தேநீர். இந்த ஆண்டு சொல்லும் வாய்ப்பு எனக்கு. தீர்மானமோ ஒன்றே ஒன்றுதான். 'படம் ஓடும்போது அரங்கில் எவரும் பேசக் கூடாது, பேசுகிறவர் வெளியேற்றப்படுவார்.' அதைக் கொண்டுவந்தவர் தலைவர். கொண்டுவரக் காரணமானவள் நான். எங்கள் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிய செயற்குழுவின் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு சொல். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே எறும்பளவு தெரிகிற மனிதனின் கைச்சாடையைப் பார்த்து, கப்பலிலிருந்து பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்தவர். அந்தக் கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது முழுவதும் அணைந்துவிட்டன. நோய்க்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதற்கு இந்த மேடையில் வேலையில்லை. கண் போன மனிதர் எதையெல்லாம் விட்டார்? கிரேனை விட்டார். மிதிவண்டியை விட்டார். காப்பிக்கடைச் சீட்டாட்டத்தை விட்டார். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. வெள்ளிக்கிழமைப் படத்தை மட்டும் விடவில்லை. அவர் விடாததால் நான் பேசினேன். திரையில் நடப்பதை அவர் காதோரம் குனிந்து சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

என்ன ஹாஜா? சரி, திருத்திக்கொள்கிறேன். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

ஆகவே, அன்பர்களே, இந்த ஆண்டு நான் எந்தப் படத்தையும் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. வாயால் பார்த்தேன், அவர் காதால் பார்த்தார். அப்படிப் பார்த்தவற்றில் பிடித்ததைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலாவது, அந்தக் குளிர்நாட்டுப் படம். ஒரு மனிதன் கரையில் நின்று கடலைப் பார்ப்பான். நினைவிருக்கிறதா? இருக்காது. உங்களில் பாதிப்பேர் உறங்கினீர்கள். மீதிப்பேர் உறங்கியவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டீர்கள்.

“என்ன நடக்குது?” என்றார் ஷெத்லி.

“பாக்குறான்.”

“எத?”

“கடல.”

கொஞ்சம் பொறுத்து, “இப்ப?”

“இப்பவும் கடலத்தான்.”

பின்வரிசையிலிருந்து அம்மார் தலையை நீட்டினார். “அக்கா, அவன் திரும்புனா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் கண்ண மூடிக்கிறேன்.”

ஷெத்லி விடவில்லை. “கடல் எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

கடல் எப்படி இருக்கும்? கடலைப் போல இருக்கும். மற்றவருக்கு அந்தப் பதில் போதும். ஆண்டுக்கணக்கில் கடலின் தலைக்கு மேல் தொங்கியவருக்குப் போதுமா? ஆகவே பார்த்தேன். பார்த்தால், அலை வரவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. நம் கரையில் தினமும் நடக்கிற அதே வேலை, அங்கேயும் நடக்கிறது. “தண்ணி வத்துது,” என்றேன். “படகு இருக்கா?” என்றார். அதுவரை நான் படகைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் ஒன்று சேற்றில் சாய்ந்து கிடந்தது. சொன்னேன். “பாவம், அப்ப நாளைக்குத் தண்ணி ஏறினாத்தான் போவான்,” என்று சொல்லிவிட்டு, ஷெத்லி அவனோடு சேர்ந்து நிம்மதியாகக் காத்திருக்கத் தொடங்கினார். நானும் காத்திருந்தேன். பிறர்க்குச் சொல்ல வேண்டிய கடமை மட்டும் இல்லையென்றால், அந்தப் படத்தை வெறுத்துவிட்டு, அந்த வெறுப்பைப் பற்றி விவாதத்தில் அழகாகப் பேசியும் இருப்பேன்.

இரண்டாவது, மாவுமில் நடத்தும் விதவை ஒரு லாரி ஓட்டுநரை விரும்புகிற படம். பேச்சு ஸ்பானிய மொழி; கீழே ஓடும் எழுத்து பிரெஞ்சு. இதை நான் ஷெத்லிக்கு நம் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு வேண்டுகோள். “அக்கா, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. எனக்குப் பிரெஞ்சு மீன் விலை வரைக்கும்தான் வரும். காதலுக்கு எட்டாது.”

அதே படத்தில், லாரி ஓட்டுநர் விதவையின் வீட்டுக்குள் வருகிற கட்டம். பெரியவர்களுக்குத் தெரியும், நான் எந்தக் கட்டத்தைச் சொல்கிறேன் என்று. ஹாஜா மனூபியா முக்காட்டைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். மார்க்கம் அறிந்தவர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். ஆனால் காதுக்கு முக்காடு உண்டா?

“நஸீஹா, முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல ஹாஜா.”

“இன்னுமா? அங்க வாசல்ல லாரி நிக்குதே, ஊர்க்காரன் பாக்க மாட்டானா?”

“பாக்கல ஹாஜா.”

“விளக்கயாவது அணைச்சாங்களா?”

“அணைக்கல.”

“அல்லாஹ் மன்னிக்கட்டும்,” என்றார் ஹாஜா. பிறகு, “சரி, மேல சொல்லு,” என்றார்.

சிரிக்காதீர்கள். முக்காட்டை இழுத்துக்கொண்டே முழுப்படமும் பார்க்க ஒரு வழி பிறந்தது என்றால், அது சமுதாயத்துக்கு நன்மைதானே?

மூன்றாவது படத்தில் ஒரு கதவு வரும். “நீலக் கதவு,” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோளில் யாரோ தட்டினார்கள். திரும்பினால், கையில் டார்ச்சோடு தலைவர்.

“அம்மா, இது சந்தை இல்ல. அரங்கம். கொஞ்சம் வாய மூடுங்க,” என்றார். மூடினேன். போக வேண்டியவர் போகவில்லை. திரையைப் பார்த்தார். “அப்புறம், அது நீலமும் இல்ல,” என்றார். “சாம்பல்.”

“நீலம், உஸ்தாத்.”

“சாம்பல்.”

“நல்லாப் பாருங்க, நீலம்.”

“கண்ணுல ஏதாவது கோளாறா உங்களுக்கு?” என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் யார் பக்கத்தில் நின்று சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் ஒருவர் வெட்கப்படுவது கேட்கும், அன்று கேட்டது.

ஷெத்லிதான் பேசினார். “கோளாறு எனக்குத்தான், உஸ்தாத். அதுக்காக நீங்க ரெண்டு பேரும் சண்டைய நிறுத்திடாதீங்க. ஒருத்தர் சொன்னா எனக்குக் கதவு தெரியுது. ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாத்தான் நிறம் தெரியுது.”

தலைவர் எங்கள் பின்னால் அமர்ந்தார். கடைசிவரை அமர்ந்திருந்தார். இரண்டு முறை என்னைத் திருத்தினார். ஒருமுறை அவர் சொன்னதே சரி. அடுத்த வாரம் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

முணுமுணுக்க வேண்டாம், பெரியோர்களே. அவரைக் குறை சொல்ல நான் மேடையேறவில்லை. ஒரு படம் பார்ப்பதற்காக இளவயதில் ரயிலேறித் தலைநகர் தூனிஸ் போய், பார்த்துவிட்டு, திரும்பும் வழியெல்லாம் எவரோடும் பேசாமல் வந்த மனிதர் அவர். இருட்டும் அமைதியும் அவருக்குத் தொழுகைபோல. இந்த அரங்கில் சூரியகாந்தி விதை கொறிப்பதை அவர் தடை செய்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் ஷெத்லிக்குமாக அவர் ஒரு வழியும் செய்து தந்தார். மேலே, படம் ஓட்டும் அறையில், கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நல்ல மனத்தோடு செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை போய் அமர்ந்தோம். மெத்தை வைத்த நாற்காலி. நான் சொன்னேன், ஷெத்லி கேட்டார். நான் எதைச் சொன்னாலும் அதுவே முடிவு. யாரும் திருத்தவில்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் முடிந்ததா என்று கேட்கவில்லை.

படி இறங்கும்போது ஷெத்லி சொன்னார். “நல்லாத்தான் சொன்ன. ஆனா நஸீஹா, ஆளே இல்லாத ஊர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. மேலதான் உக்காரணும்னா, நான் வீட்டுல வானொலி கேட்டுக்கிறேன். நீ மட்டும் போயிட்டு வா.”

கோபமாகச் சொல்லவில்லை. சீட்டாட்டத்தை விட்டபோதும் இதே குரலில்தான் சொன்னார். எனக்கு அந்தக் குரல் தெரியும். அப்படி அவர் விட்டது எதுவும் திரும்பி வந்ததில்லை.

இனி, இந்த ஆண்டு எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த படம். சென்ற வெள்ளிக்கிழமை பார்த்தோமே, அதுதான். “தீர்மானம் நிறைவேறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கீழயே உக்காருவோம்,” என்றார் ஷெத்லி. உட்கார்ந்தோம். ஒரு கணவன், மனைவி. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒருநாள் மாலை, கணவன் மனைவியை நிமிர்ந்து பார்க்கிறான். திரை முழுவதும் அவள் முகம். அசையாமல், வெட்டாமல், வெகுநேரம் அந்த முகம்.

“என்ன காட்டுறாங்க?”

“அவ முகத்த.”

“எப்பிடி இருக்கா?”

சொல்ல வேண்டியதுதானே? கடலைச் சொன்னவள் நான். லாரியைச் சொன்னவள் நான். கதவுக்காகத் தலைவரோடு மல்லுக்கு நின்றவள் நான். ஆனால் திரையில் இருந்தவளுக்கு என் வயது. என் கணவர் கடைசியாகப் பார்த்த முகத்துக்கும், இப்போது இந்த மேடையில் உங்கள் முன் நிற்கிற முகத்துக்கும் இடையே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. தலைவர் விரும்புகிற அமைதி முதல்முறையாக இந்த அரங்கில் நிலவியது.

“நஸீஹா? படம் முடிஞ்சுடுச்சா?”

முன்வரிசையிலிருந்து ஹாஜா திரும்பினார். என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“முடியல மகனே,” என்றார். “நான் சொல்றேன் கேளு. வயசாயிருக்கு அவளுக்கு. கண்ணுக்குக் கீழ சுருக்கம். காதுப் பக்கம் நரை. சாயம் பூசிருக்கா, ஆனா பூசினது தெரியுது. தூக்கம் பத்தாத மூஞ்சி. இருந்தாலும் லட்சணமானவதான், பொய் சொல்லக் கூடாது. நம்ம நஸீஹா மாதிரி வச்சுக்கோயேன்.”

“காதுப் பக்கம் மட்டும் இல்ல, ஹாஜா,” என்றார் அம்மார், “முன்னாடியும் கொஞ்சம் நரை இருக்கு.” அவர் எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

என் நரையும் சுருக்கமும் பொதுச்சபையில் அறிவிக்கப்பட்ட நாள் அது. ஷெத்லி கையை நீட்டினார். விரல்களால் என் கண்ணுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார், சரக்குப் பெட்டி சரியாக இறங்கியதா என்று பார்ப்பதைப் போல. பிறகு, “அப்ப நல்ல படம்தான்,” என்றார்.

அன்பார்ந்த சபையோரே, கண்ணாடி அறைக்குள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நான் ஊமையாகியிருப்பேன். அவர் இருட்டோடு இருட்டாக அமர்ந்திருப்பார். எந்த ஹாஜா திரும்பியிருப்பார்? எந்த அம்மார் திருத்தியிருப்பார்? என் முகத்தை என்னால் சொல்ல முடியாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அதற்கு ஊர் வேண்டும்.

ஆகவே, தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுங்கள். தோற்றால் தோற்கிறேன், விதை கொறிப்பவர்கள் தோற்றதைப் போல நானும் தோற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கமாகக் கையைத் தூக்கச் சொல்வீர்கள். கை தூக்கினால் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எவருக்காக இந்த வாக்கெடுப்போ அவருக்குத் தெரியாது. எண்ணி அவர் காதில் சொல்லலாம் என்றால், நான் மேடையில் நிற்கிறேன். அவர் பக்கத்தில் என் நாற்காலி காலியாக இருக்கிறது. எனவே, தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் தீர்மானத்துக்கு மரியாதை செய்து அமைதியாகக் கையைத் தூக்குங்கள். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்க வேண்டாம். அவருக்குக் கேட்கும்படி, வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் குறுக்கே பேசியும் பேசாமலும் கேட்டிருந்த உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லோருக்கும் என் ஸலாம்.

ஹாஜா, கொஞ்சம் பொறுங்கள். தலைவர் இன்னும் வாக்கே கேட்கவில்லை.