கிரகம் தானா போகாது

— அத்தை, அந்தச் சிவப்புப் பேனாவை மூடி வைங்க. கடைசி அத்தியாயம் இன்னிக்குச் சாயங்காலம் பத்திரிகைக்குப் போயாகணும். நீங்க பாட்டுக்கு பக்கம் பக்கமா ரத்தக்களரி பண்ணி வெச்சிருக்கீங்க.

— தப்பு இருக்குடி, வட்டம் போடறேன். ரெண்டு சூரியன் இருக்கற கிரகத்துல உன் கதாநாயகன் பட்டப்பகல்ல ஒத்தை நிழலோட நடந்து போறான். இன்னொரு நிழலை எங்கே தொலைச்சான்?

— ஒரு சூரியன் மேகத்துல மறைஞ்சிருக்குன்னு வெச்சுக்கோங்க.

— நான் வெச்சுக்கறது இருக்கட்டும், நீ மேகத்துக்கு ஒரு வரி எழுது. அபத்தம். ராத்திரி பூரா வான் ஆய்வகத்துல தொலைநோக்கியோட மல்லுக்கட்டிட்டு வரேன். பகல்ல கதை படிச்சா தூக்கம் வரணும். உன் கதையைப் படிச்சா கோபம்தான் வருது.

— அத்தனை கோபத்துலயும் தொடர் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வாரம் விட்டதில்லையே நீங்க.

— வீட்டுக்குள்ளயே திருட்டு நடந்தா காவல் காக்க வேண்டாமா? சாப்பாட்டு மேசையில நான் வாயைத் திறந்தாப் போதும், அடுத்த வாரம் அச்சுல வருது. ஏதோ ஒரு கிரகத்துல கண்ணாடித் துகள் மழையாப் பெய்யுது போல, அதுவும் காத்து வேகத்துல படுக்கைவாட்டுல பாயும்னு சொன்னேன். நீ என்ன பண்ணினே?

— அங்கே ஒரு குடை வியாபாரியைக் குடி வெச்சேன்.

— வெச்சே. அவன் குடையைத் தலைக்கு மேல பிடிக்காம வயித்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, 'எங்க கடைக் குடை மார்புக்கு நல்லது'ன்னு கூவி வித்தான். ஆய்வகத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆராய்ச்சி பண்ணினது நாங்க, பேர் வாங்கினது குடைக்காரன்.

— வெள்ளிக் கிரகம் மட்டும் என்னவாம்? தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள சூரியனையே ஒரு தரம் சுத்தி வந்துடும்னு நீங்க சொன்னப்போ நான் நம்பவே இல்லை. பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்.

— உண்மைதான்டி அது. வானத்துல இருக்கற கிறுக்குத்தனத்துல பாதியை உன்னால கற்பனை பண்ண முடியாது. ஆனா அதை வெச்சு நீ எழுதினியே, காலையில சட்டைப் பொத்தான் போட ஆரம்பிச்சு, வருசம் பொறந்தும் கடைசிப் பொத்தானுக்கு வராத ஒரு குமாஸ்தா. அது என் மகன்தானே?

— கற்பனை அத்தை.

— யார்கிட்ட கதை விடறே? சின்ன வயசுல பள்ளிக்கூட வண்டி வாசல்ல நின்னு கத்தும், இவன் மூணாவது பொத்தான்ல நிப்பான். பெத்தவளுக்குத் தெரியாதா?

— சரி, படிச்சது போதும், கொடுங்க. அவர் லாரியைக் கூட்டிட்டு வரப் போயிருக்கார். வந்ததும் சாமான் ஏத்தணும். புது வேலை கிடைச்ச ஊருக்கு ராத்திரிக்குள்ள போய்ச் சேரணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறார். என் புத்தகமெல்லாம் இன்னும் கட்டலை.

— லாரி வரும்போது வரட்டும். எனக்கு இந்த முடிவுதான் தொண்டையில சிக்குது. நல்லா சுத்திட்டு இருந்த கிரகம். ஒருநாள் ரெண்டு சூரியனையும் விட்டுட்டு இருட்டுக்குள்ள போயிடுது. முற்றும். ஏன் போச்சு?

— எந்தச் சூரியனும் இல்லாம தனியா அலையற கிரகம் உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— உண்டு. நிறையவே உண்டு. ஆனா கிரகம் தானா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பாது. பெரிய கிரகம் ஒண்ணு கிட்ட வந்து இழுத்து வீசணும். இல்லேன்னா வழியோட போற நட்சத்திரம் ஏதாவது குழப்பி விடணும். உன் கதையில சுத்துவட்டாரத்துல ஒரு ஈ, காக்கா இல்லை. தள்ளினது யாரு?

— எழுதலை.

— எழுதலைன்னு தெரியுது, கண்ணு இருக்கு எனக்கு. ஏன் எழுதலைன்னு கேக்கறேன்.

— டீ ஆறுது, குடிங்க.

— டீ கிடக்கட்டும். கதை பாதியிலதான் நிக்குது. நிழல் உலகத்துக்கு ஒரு பொண்ணை அனுப்பினியே, அவ இன்னும் திரும்பியே வரலை. அதுக்குள்ள எதுக்கு முற்றும் போடறே? புது ஊர்ல என்ன, மின்சாரம் இல்லையா?

— முற்றும் போட்டது நான் இல்லை அத்தை. அவர்.

— யாரு, என் மகனா?

— போன வாரம் ஆசிரியருக்கு ஃபோன் பண்ணி, 'இவளுக்குப் புது இடத்துல வீட்டு வேலை தலைக்கு மேல இருக்கும், இனிமே எழுத மாட்டா, முடிச்சுடுங்க'ன்னு சொல்லிட்டார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'ரொம்ப வருத்தமா இருக்கும்மா'ன்னு சொன்னப்பத்தான் எனக்கே தெரியும்.

— எதுக்குடி அப்படிச் சொன்னான்?

— புது ஆபீஸ் மேலதிகாரி நம்ம தொடரைப் படிக்கறவராம். இன்டர்வியூலயே, அதை எழுதறது இவர் மனைவின்னு தெரிஞ்சதும், 'அந்தப் பொத்தான் குமாஸ்தா நீங்கதானா'ன்னு கேட்டுச் சிரிச்சாராம். இவருக்கு மானம் போயிடுச்சு.

— நீ என்ன சொன்னே அவன்கிட்ட?

— ஒண்ணும் சொல்லலை. உள்ளே வந்து உக்காந்து ஒரு கிரகத்தைத் தூக்கி எறிஞ்சேன்.

— அடிப்பாவி. எழுத்துல ஊரையே வம்புக்கு இழுக்கறவ, வீட்டுல வாயில்லாப் பூச்சியா இருந்திருக்கியே.

— சண்டை போட்டா நீங்க உங்க மகன் பக்கம்தானே நிப்பீங்க?

— நிக்கத்தான் தோணும். பெத்த வயிறு, என்ன பண்றது. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. தொலைநோக்கியில வினோதமா ஏதாவது மாட்டினா, கூட வேலை பாக்கறவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு உன் ஞாபகம்தான் வரும். இதை வெச்சு இவ என்ன கூத்து அடிப்பாளோன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வருவேன். நீ போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து எனக்கு மனசே ஆறலை.

— இதை ஏன் அத்தை முன்னாடியே சொல்லலை? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருப்பேன். அப்புறம் அவன் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, உன் பாடு திண்டாட்டமாயிருக்கும். உனக்கு எங்கே இருக்கணும்னு யாராவது கேட்டோமா?

— இல்லை.

— இப்போ கேக்கறேன்.

— தெரியலை அத்தை. பயமா இருக்கு. அவர் மேல ஆசை இல்லாம இல்லை. ஆனா என்னைக் கேக்காம என் கதைக்கு முற்றும் போட்டவரோட லாரில ஏறினா, அடுத்து எதுக்குப் போடுவாரோன்னு இருக்கு.

— பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். முதல்ல தப்பைத் திருத்து. கடைசிப் பக்கத்துல தள்ளினது யாருன்னு ஒரு வரி எழுது.

— எழுதினா முற்றும் போட முடியாது. தள்ளினது யாருன்னு தெரிஞ்சுட்டா, கிரகம் அதுக்கு என்ன பண்ணுச்சுன்னு அடுத்த வாரம் வாசகர் கேப்பாங்க.

— கேக்கட்டுமே. நானும் வாசகர்தான்.

— அம்மா, லாரி வாசல்ல நிக்குது. சட்டுபுட்டுனு கிளம்பணும். மாமியாரும் மருமகளும் இன்னும் வானத்தைத்தான் அளந்துட்டு இருக்கீங்களா? இந்த மேசையை என்ன பண்றது, ஆளுங்க கேக்கறாங்க.

— என்னை ஏன்டா கேக்கறே? மேசை உன் பொண்டாட்டியோடது.

— சரி, உன் மேசைதானே, நீயே சொல்லு. அங்கே வீடு சின்னது, இதுக்கு இடமும் இருக்காது. எழுத்து வேலையும் முடிஞ்சுது. யாருக்காவது கொடுத்துடலாமா?

— எழுத்து வேலை முடியலைங்க. ஆசிரியர்கிட்ட நானே பேசிக்கறேன், அடுத்த வாரமும் தொடர் வரும்.

— ஐயோ, அதையெல்லாம் அங்கே போய்ப் பேசிக்கலாம். இப்போ டைம் ஆகுது, லாரில ஏறு.

— உங்க சாமானெல்லாம் தனியா கூடத்துல கட்டி வெச்சிருக்கேன், அதை மட்டும் ஏத்தச் சொல்லுங்க. பத்திரமாப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்க. நான் வரலை.