காணாமற்போன தம்பதி கப்பலில் இருந்தது பற்றி

பெயர் விஸ்வேஸ்வரன், தகப்பனார் பெயர் காலஞ்சென்ற சங்கரன், வயது அறுபத்தொன்று, பாதுகாப்புக் கணக்குத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன், இருப்பிடம் புனே கோந்த்வாவில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை நானே காவல் நிலையத்துக்கு வந்து கூறுவது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். மராத்தி புரியும், பேச வராது. இந்தி பேச வரும், ஆனால் அதில் நாற்காலி ஆணா பெண்ணா என்பதில் எனக்கு இன்றுவரை உறுதி ஏற்படவில்லை. சட்டத்தின் முன் நிற்க வேண்டிய வாக்குமூலத்தில் அந்த ஐயம் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில், உதவி ஆய்வாளர் அவர்கள் இதே ஊர் ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழரான காவலர் ஆரோக்கியசாமியை அழைத்து, நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிப் பிறகு மராத்தி மொழிபெயர்ப்பை இணைக்கும்படி உத்தரவிட்டார். ஆரோக்கியசாமி தமிழ் எழுதக் கற்றது மாதா கோவில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து என்று தெரிவித்தார். ஆகவே இதில் எங்காவது ஆமென் என்று வந்தால் அது நான் கூறியதல்ல.

என்னுடன் என் மனைவி பட்டு, வயது ஐம்பத்திரண்டு, அமர்ந்திருக்கிறாள். காணாமற்போனதாகப் புகாரில் குறிப்பிடப்பட்ட இருவரும் நாங்களே. நாங்கள் காணாமற்போகவில்லை. எங்களைக் காணாமற்போகச் செய்ததாகச் சந்தேகத்தின் பேரில் சனிக்கிழமை பிற்பகல் முதல் காவலில் வைக்கப்பட்டுள்ள கிட்டு என் மனைவியின் தம்பி. கட்கியில் அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், மணமாகாதவன். அரசு ஊழியர் ஒருவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் குற்றவாளியா இல்லையா என்று பாராமல் தாமாகவே தற்காலிகப் பணிநீக்கத்துக்கு உள்ளாவார் என்பது விதி. அந்த விதியின் கீழ் நானே பல கோப்புகளைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். அப்போது அது நல்ல விதியாகவே தோன்றியது. கெடு இன்று பிற்பகலுடன் முடிவதால், சொல்ல விரும்பாதவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு வைஷு என்று ஒரே பெண், வயது இருபத்தாறு. ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, தற்சமயம் நிறுவனம் அவளை ஆறு மாதத்துக்கு அமெரிக்கா அனுப்பியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் எங்கள் சங்கத்தின் செயலாளரும் இந்தப் புகாரைக் கொடுத்தவருமான லக்ஷ்மிநாராயணன், தம் அக்காள் மகன் ராம்பிரசாதுக்கு வைஷுவைக் கேட்டார். பையன் நல்லவன், எங்களுக்கும் பிடித்தது. அதன் பிறகு ஜாதகம் பார்த்ததில் பெண்ணுக்குச் சர்ப்ப தோஷம் இருப்பதாகவும், ராமேஸ்வரம் சென்று நாகப் பிரதிஷ்டை செய்துவிட்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றும் அக்காள் தரப்பில் சொல்லப்பட்டது. நாங்களும் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம்.

அதன் பிறகு வைஷு அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"அப்பா, உங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போறது. ரெண்டு பேருமா எங்கயாவது போயிருக்கேளா?"

"ஏன், திருநெல்வேலி போயிருக்கோம், கோயமுத்தூர் போயிருக்கோம்."

"அதெல்லாம் கல்யாணம், காரியம். சும்மா எங்க போயிருக்கேள்?"

சும்மா என்ற தலைப்பில் என்னிடம் பதிவு எதுவும் இல்லை. 1973ஆம் ஆண்டு மாசி மாதம் கல்யாணமாகி நான்காம் நாள் பட்டுவை ரயிலில் புனேக்கு அழைத்து வந்தேன். கட்கியில் எனக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் முன்னறையில் அப்போது என் தம்பிகள் இருவர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் தேடினார்கள். 1991ஆம் ஆண்டு கல்யாண நாளன்று வைஷுவுக்கு அம்மை போட்டிருந்தது. 1998இல் இருபத்தைந்தாவது ஆண்டுக்குப் பக்கத்து மலை ஊரான மகாபலேஷ்வர் போவது என்று வாடகைக் கார்கூடச் சொல்லியாகிவிட்டது. அன்று காலை கோயமுத்தூரிலிருந்து என் சித்தப்பா குடும்பத்தார் தகவல் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். அவர்கள் மகாபலேஷ்வர் பார்த்ததில்லை என்றார்கள். காரில் அவர்களுக்கு இடம் சரியாக இருந்தது. நாங்கள் வீட்டிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தோம். ஸ்ட்ராபெரி வாங்கி வந்து கொடுத்தார்கள், நன்றாக இருந்தது.

வைஷு இதையெல்லாம் அறிந்தவள் என்பதால், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பலில் கல்யாண நாளை ஒட்டி எங்கள் இருவருக்கும் சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன் கோவிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். உல்லாசமாகக் கப்பலில் போகும் வழக்கம் எங்களில் கிடையாது. பட்டு சொன்னது: "பொண்ணு ஆத்துல நிக்கறப்போ கிழவனும் கிழவியும் கப்பலேறிட்டான்னு கட்டடமே சிரிக்கும். நான் வரலை." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவள் சற்று நேரம் கழித்து வந்து, "கப்பல்ல ஜன்னல் இருக்குமோ?" என்று கேட்டாள்.

அதன் பிறகு ராமேஸ்வரம் போவதாகச் சொல்லிவிட்டு லட்சத்தீவு போவது என்றும், ராமேஸ்வரத்துக்கு உண்மையாகவே சித்திரை மாதம் போய் வருவது என்றும் முடிவு செய்தோம். இரண்டுக்கும் தெற்கே ரயிலேற வேண்டும், இரண்டிலும் கடல் உண்டு, திரும்பி வரும்போது கறுத்திருந்தால் காரணம் கேட்க மாட்டார்கள். கணக்குத் துறையில் இருந்தவன் என்ற முறையில் பலமுறை சரிபார்த்தேன். பிழை தென்படவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. ராமேஸ்வரம் போகிற ஒருவர் தமக்காக மட்டும் போக முடியாது என்பதை நான் மறந்துவிட்டேன். கட்டடத்திலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தீர்த்தத்துக்குப் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தன. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொன்னார்கள். லக்ஷ்மிநாராயணன் எல்லோரையும்விட ஒருபடி மேலே சென்று, ராமேஸ்வரத்தில் புரோகிதராக இருக்கும் தம் ஒன்றுவிட்ட தம்பி ஜம்புநாத சாஸ்திரிகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, எங்களை ரயிலடியில் வரவேற்று எல்லாம் குறைவின்றி நடத்தி வைக்க ஏற்பாடு செய்தார். இதை எங்களிடம் அவர் தெரிவிக்கவில்லை. போய் இறங்கியதும் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்ததாக இன்று கூறினார்.

இந்த ஊரில் உண்மை தெரிந்தவன் கிட்டு ஒருவனே. வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்து, அவன் கையைத் தன் தலையில் வைத்து, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பட்டு சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் கொச்சி சென்று கப்பல் ஏறினோம்.

இந்த இடத்தில் ஆரோக்கியசாமி, "கப்பல்ல நடந்தது கேஸுக்கு வேணுமா சார்?" என்று கேட்டார். உதவி ஆய்வாளர், நாங்கள் அங்கே இருந்தது உறுதியாக வேண்டும், எல்லாவற்றையும் எழுது என்றார். ஆகவே சொல்கிறேன்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறையில் வட்டமான ஜன்னல் ஒன்று இருந்தது. முதல் நாள் பட்டு அதைவிட்டு அகலவில்லை. வெளியே தண்ணீர் தவிர ஒன்றுமில்லை, அதையே பார்த்தாள். மறுநாள் காலை நான் மேல்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது அறை வாசலில் நீல நிற சல்வார் கமீஸ் அணிந்த ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். சற்று வழிவிடுமாறு இந்தியில் கேட்டேன். "தாராளமா போங்கோ" என்று தமிழில் பதில் வந்தது. புனேயில் லக்ஷ்மி ரோடு கடைத்தெருவில் தங்கைக்கு என்று சொல்லி வாங்கினாளாம். பட்டுவுக்குத் தங்கை கிடையாது.

தீவுக்கு அருகே ஆழம் போதாது என்பதால் கப்பல் கடலிலேயே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து, கீழே ஆடிக்கொண்டிருக்கும் படகில் நம்மைக் குதிக்கச் சொல்வார்கள். புனே ரயில் நிலையத்தில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளியைத் தாண்ட என் கையைப் பிடித்துக்கொள்ளும் பட்டு, எனக்கு முன்பே குதித்துவிட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். படகிலிருந்து அவள், "வாங்கோன்னா, ஆபீஸ் ஃபைலா இது, நாலு நாள் வெச்சுண்டு பாக்கறதுக்கு!" என்றாள். படகிலிருந்த குஜராத்திக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் சிரித்தார்கள்.

தீவைச் சுற்றிப் பவளப் பாறை அரண் போல் இருப்பதால் உட்புறம் அலை இல்லை. தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது, இடுப்பளவு. மிதவைச் சட்டையைக் கட்டிவிட்டு மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். பட்டு மூக்குக்கண்ணாடியையும் புடவை இல்லாததால் தேவையற்றுப்போன சேஃப்டி பின்களையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாள். கைகளை விரித்து, கண்களை மூடிக்கொண்டு மிதந்தாள். நான் கரையில் தென்னை நிழலில் அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி எங்கே, சாவி எங்கே, பட்டு எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டில் பெரும்பாலும் சூரை மீன் இருந்ததால் கொண்டுபோன புளியோதரையும் கப்பல் பரிசாரகர் கொடுத்த தயிரும் எங்களுக்கு ஆகாரமாயின. கல்யாண நாளன்று மாலை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பட்டு கேட்டாள்: "நம்ம கல்யாணமாகி வரச்சே ரயில்ல ஜன்னல் சீட்டை யாருக்குக் குடுத்தேள், ஞாபகம் இருக்கா?"

"யாருக்கு?"

"கூட வந்த உங்க மாமாவுக்கு. அவர் புனே வரைக்கும் தூங்கிண்டே வந்தார்."

அன்று சூரியன் கடலில் இறங்கி முடியும்வரை இருந்துவிட்டுக் கீழே வந்தோம்.

கடைசி நாள் தீர்த்தப் பாட்டில்களில் கடல் நீரை நிரப்பிக்கொள்ளலாம் என்று நான் யோசனை தெரிவித்தேன். "பொய் சொன்னது போறும். சாமி பேரைச் சொல்லி உப்புத் தண்ணி குடுக்கப்படாது" என்று பட்டு மறுத்தாள். பாட்டில்கள் காலியாகவே திரும்பின.

நாங்கள் இல்லாதபோது நடந்ததாக நான் கேட்டு அறிந்தது: ஜம்புநாத சாஸ்திரிகள் மாலையுடன் ரயிலடிக்குச் சென்று, வந்த வண்டிகளிலெல்லாம் தேடியும் எங்களைக் காணாமல் லக்ஷ்மிநாராயணனுக்குத் தெரிவித்தார். அவர் கலங்கிப்போய், அமெரிக்காவிலிருக்கும் வைஷுவைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவளைக் கேட்காமலே புகார் கொடுத்தார். சனிக்கிழமை பிற்பகல் விசாரணைக்கு வந்த காவலர்கள், எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் தோளில் சுமந்து படியிறங்கிக்கொண்டிருந்த கிட்டுவைப் பார்த்தார்கள். அன்று உலகக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தானுடன் விளையாடும் நாள். அவனிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அக்காவும் அத்திம்பேரும் எங்கே என்று கேட்டதற்கு, சத்தியம் பண்ணியிருக்கிறேன், சொல்ல மாட்டேன் என்றிருக்கிறான். வேறு எதுவும் சொல்லவில்லை. நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோதும் சொல்லவில்லை.

இன்று காலை நாங்கள் வந்து இறங்கியதும் லக்ஷ்மிநாராயணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பிறகு கிட்டுவின் விஷயத்தைச் சொன்னார். இங்கு வரும் வழியில் ஆட்டோவில் நான், சென்னையில் இணைப்பு வண்டி தவறி மறுநாள் வேறு வழியாக ராமேஸ்வரம் சேர்ந்து வேறொரு சாஸ்திரிகளைக் கொண்டு பரிகாரம் செய்ததாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் பெண்ணின் சம்பந்தம் கெடாது. பட்டுவிடம் தெரிவித்தேன். அவள், "கிட்டு உள்ள உக்காந்துண்டிருக்கான். நீங்க இன்னும் ராமேஸ்வரத்துலயே இருக்கேளே" என்றாள். எந்த விடுதி, எந்த சாஸ்திரிகள் என்று விசாரித்தால் கெடு முடியும்வரை விசாரணை முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்த யோசனையைக் கைவிட்டேன்.

அடையாளம் காட்டுவதற்காகக் கிட்டு அழைத்து வரப்பட்டான். சட்டை கசங்கி, தாடி முளைத்திருந்தது. "அக்கா, நான் சொல்லலை" என்றான். பட்டு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு அவன் என்னிடம், "மேட்ச்ல ஜெயிச்சுட்டோம் அத்திம்பேர், இங்க ரேடியோவுல கேட்டேன்" என்றான்.

லக்ஷ்மிநாராயணன் தம் மனைவி கிரிஜாவுடன் எதிரே அமர்ந்து மேற்கண்ட அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என் அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது விஸ்வேஸ்வரன்? பரிகாரத்துக்குப் போறேன்னுட்டு நீச்சலடிச்சுட்டு வந்தான்னா?" என்று கேட்டார். நீச்சல் தெரியாது, மிதந்தது மட்டுமே என்று தெரிவித்தேன். அவர் புகாரை வாபஸ் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். சம்பந்தம் பற்றிப் பேசவில்லை. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது கிரிஜா பட்டுவின் பக்கம் குனிந்து, "மாமி, அந்த நீல சல்வார் எந்தக் கடை?" என்று கேட்டார். லக்ஷ்மிநாராயணன் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

இறுதியாக, என் மனைவி கட்டாயத்தின் பேரில் கொண்டு செல்லப்படவில்லை என்பதை அவள் வாயாலேயே பதிய வேண்டும் என்று உதவி ஆய்வாளர் கூறியதால் ஆரோக்கியசாமி அவளிடம், "சாஹேப் கேக்கிறாரு அம்மா, யாரும் ஜபர்தஸ்தி பண்ணலையே? சார் கூப்பிட்டாரு, நீங்க போனீங்க, அப்படித்தானே?" என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்கு முன்பே அவ்வாறு எழுதியும் விட்டார். பட்டு அதை அடிக்கச் சொன்னாள்.

"இவர் கூப்பிட்டு நான் போனது புனேக்கு. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, காரியத்துக்கெல்லாம் போயிருக்கேன். இது அப்படியில்லை. எனக்குப் போகணும்னு இருந்தது, போனேன். இவரையும் அழைச்சுண்டு போனேன். அப்படி எழுதுங்கோ."

அவ்வாறே எழுதப்பட்டது.

மேலே உள்ளதை ஆரோக்கியசாமி படித்துக்காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி உள்ளது, கூட்டியதும் குறைத்ததும் இல்லை. இதனால் என் பெண்ணின் சம்பந்தத்துக்கு என்ன நேரும் என்பதை அறிந்தே கையெழுத்திடுகிறேன். "கணவர் அழைத்துச் சென்றதால்" என்ற வரி அடிக்கப்பட்டு, "கணவரையும் உடன் அழைத்துக்கொண்டு தன் விருப்பத்தின் பேரில்" என்று திருத்தப்பட்டது சரியே. அந்தத் திருத்தத்துக்கு ஓரத்தில் நான் தனியாகச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ச. விஸ்வேஸ்வரன்

(ஒப்பம்) பட்டு