எலிகளுக்கும் ஒரே பந்தி

பசறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர்கள், ஒரு கேம்பஸ் மாணவியும் அவளுடைய ஞாபகசக்திச் சோதனைக்கான எலிகளுக்குத் தீனி வைக்கும் அக்காவும்.

"வல்லாரைச் சாறு குடிச்ச எலியும் வழிய மறக்கல, வெறும் தண்ணி குடிச்ச எலியும் மறக்கல. எப்புடிக்கா?"

"வெறும் தண்ணியா? நான் எல்லாத்துக்குந்தானே வல்லாரை ஊத்துனேன்."

"ஐயோ! ஏன்க்கா?"

"பந்தியில ஒருத்தருக்கு வச்சிட்டு அடுத்தவர வுட்டுட்டுப் போவாங்களா புள்ள? பாவம், பாத்துக்கிட்டே இருக்குதுங்க."

மாணவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றே நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"எல்லாம் மறுபடி முதல்லேருந்து செய்யணும்க்கா. இந்தத் தடவ தண்ணி எலிங்களுக்குத் தண்ணி மட்டுந்தான், சரியா?"

"சரி புள்ள. அந்தத் தண்ணியில கொஞ்சம் சீனியாச்சும் போட்டுக்கிறேன்."