செல்லியின் பல் உறை

வெந்நீர் ஆகாது ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சூடு பட்டால் பல் உறை வளைந்துவிடும், அப்புறம் வாயில் உட்காராது. பச்சைத் தண்ணீரில் அலசி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர்க் கிண்ணத்திலேயே போட்டு வைக்க வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அந்த முறையை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

என் மனைவி செல்லி தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். கேழ்வரகு திரிக்கிற மாதிரி நறநறவென்று சத்தம் வரும். கடைவாய்ப் பல் தேய்ந்து, கன்னம் வீங்கி, களியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தாள். ஜமுனாமரத்தூருக்குப் பல் முகாம் வந்தபோது பார்த்துவிட்டு, வேலூருக்கு வரச்சொல்லி, படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார்கள். கண்ணாடி போல இருந்தது. எங்கள் மலையில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

காலையில் அதைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாடக்குழியில் வைப்பாள். எறும்பு மொய்க்கும். படுக்கப் போகும்போது எறும்பை ஊதிவிட்டு அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். நான் சொசைட்டியில் தேன் வடிகட்டுகிறவன். தேனீயின் கால் ஒன்று கிடந்தாலும் மறுபடி துணியில் ஊற்றுவேன். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "குடு, நானே கழுவுறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

பெண்கள் மெச்சினார்கள். செல்லியின் தம்பி வீரன்தான் சிரித்தான். "இன்னா மாமா, பொண்டாட்டி எச்சில ஆம்பள கழுவுறியே, வெக்கமா இல்ல?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் எனக்குக் குமட்டியது. அதை மறைக்க மாட்டேன். உறையின் உட்பக்கம் வழவழவென்று ஆடை படிந்திருக்கும். விரலை எடுத்தால் நூல் இழுக்கும். பழம்புளியும் தூக்கமும் கலந்த ஒரு நாற்றம், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. பிறகு அவள் குடித்த சொம்பில் என்னால் குடிக்க முடியவில்லை. அவள் பிசைந்து போட்ட களி தொண்டையில் இறங்கவில்லை. அவள் சிரித்தால் வாயைத்தான் பார்த்தேன். உள்ளே எல்லாம் ஈரம்.

வேப்பிலை வேகவைத்து ஆறிய தண்ணீரில் ஊறவைப்பது டாக்டரம்மா சொன்னதல்ல, என் யோசனை. ஐப்பசியில் தொடங்கினேன்.

"கசக்குது மாமா" என்றாள்.

"கசந்தாத்தான் பூச்சி சாவும். போட்டுக்க."

"சரி. உன்னாட்டம் யாரு செய்வாங்க" என்று மாட்டிக்கொண்டாள்.

பொங்கலுக்குள் கசப்பு அவளுக்குப் பழகிவிட்டது. அதற்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் காட்டில் எட்டி மரத்துக்குப் பஞ்சமில்லை. எட்டிக்கொட்டையும் கசக்கும்.

ஒரு ராத்திரி உறையை மாட்டிக்கொண்டு படுத்தவள், விடிவதற்குள் உடம்பு வில்லாக வளைந்து, தாடை பூட்டிக்கொண்டு போய்விட்டாள். வலிப்பு என்றார்கள். பல் கடிக்கிறவள்தானே என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

வாய்க்கரிசி போடும்போதுதான் என் புத்தி கெட்டது. வீரன் போட்ட அரிசி உள்ளே இறங்கவில்லை. உறை இன்னும் வாயில்தான் இருந்தது. எச்சில் காய்ந்த அந்த உறையில் அரிசி ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சகிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் விரலை விட்டு நெம்பி எடுத்தேன். வாசலில் அலசினேன். வழக்கம்போலக் கிண்ணத்தில் போட்டேன். முந்தின நாள் தண்ணீரைக் கொட்ட மறந்திருந்தேன். அவ்வளவு சுத்தம் பார்க்கிறவன், அதை மறந்தேன்.

கோழி வந்து குடித்தது. பாடை கட்டி முடிப்பதற்குள் கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை நீட்டி விறைத்துப் போனது. வீரன் கோழியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "மாமா, கிண்ணத்துல இன்னாது?" என்றான். அவன் அப்போது சிரிக்கவில்லை.

பிடிக்காவிட்டால் உறவைத் தீர்த்துக்கொண்டிருக்கலாமே, உங்கள் மலையில் அதற்குத் தடையில்லையே என்று கேட்டீர்கள். வாஸ்தவம். ஊர்க்கவுண்டர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செல்லியே ஒரு முறை கேட்டாள். "என் மூஞ்சியே பாக்க மாட்டேன்ற. புடிக்கலன்னா சொல்லிடு மாமா, தம்பி வூட்டுக்குப் போய்ட்றேன்" என்றாள். அழக்கூட இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன் ஐயா. போகிறவள் உறையையும் கொண்டு போவாள். இன்னொருத்தன் வீட்டு மாடக்குழியில் அது எறும்பு மொய்த்துக் கிடக்கும். அவன் கழுவுவானா? அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். அந்த நினைப்பே எனக்கு ஓங்கரித்தது. அதனால்தான் கொன்றேன். எட்டிக்கொட்டையை ஊறவைத்தது நான்தான், வேறு யாருக்கும் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த உறையை நீங்கள் காகிதத்தில் மடித்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். காய்ந்தால் கெட்டுவிடும். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கொடுத்தால் கழுவித் தருகிறேன். செல்லியின் பொருள் அழுக்காகக் கிடந்தால் எனக்கு மனசு கேட்காது. அவள்மேல் எனக்கு என்றைக்கும் பிரியம்தான் ஐயா.